இரண்டாவது முட்டை

பேரணாம்பட்டு ஊர் முடிந்து ஆம்பூர் சாலை தொடங்கும் இடத்தில் நடந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, உச்சி வெயில். காலில் செருப்பில்லை, மேலே பனியன் மட்டும். தார் சுட்டதால் ஓரத்து மண்ணில் கால் வைத்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண் தலை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போனாள். நாலு எட்டு இடைவெளிதான் இருக்கும். அவள் முந்தானை என் பக்கம் பறந்ததால் காற்று அவளிடமிருந்து என்னை நோக்கி வருகிறது என்று தெரிந்தது. மல்லிகை மணக்கவில்லை. பழைய பூவாக இருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளி, வாசலில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். இரண்டு மாதமாக அந்த வழியில் போய் வந்தவன் நான். புகையிலை நெடியில் ஒருமுறையாவது தும்மாமல் அந்தத் தெருவைக் கடந்ததில்லை. அன்று தும்மல் வரவில்லை. சாக்கடை, ஆட்டிறைச்சிக் கடை, பஜ்ஜி போடும் எண்ணெய்ச் சட்டி எல்லாம் கண்ணில் பட்டன, எதுவும் மூக்குக்கு வரவில்லை. என் உள்ளங்கையை முகர்ந்தேன். அரைமணி நேரத்துக்கு முன்பு தோல் பதனிடும் ஷாப்பின் கழிவுத் தொட்டிக்குள் இரும்பு ஏணியைப் பிடித்திருந்த கை. அதிலும் ஒன்றுமில்லை. வேறு யாருடைய கையையோ முகர்ந்ததுபோல் இருந்தது.

அப்போதுதான் அந்தக் கிராஃப் தாள் நினைவுக்கு வந்தது. பச்சைக் கட்டம் அச்சிட்ட தாள். நடுவில் கவிழ்த்துப் போட்ட கிண்ணம்போல் ஒரு வளைகோடு. கிண்ணத்தின் விளிம்பு தரையைத் தொடும் இரண்டு இடத்திலும் பேனாவால் ஒவ்வொரு முட்டை. முட்டையைப் போட்டவள் என் அக்கா. கோட்டை வளைத்தது நான்.

அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிட நாற்பது நாள் மூத்தவள். இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஆம்பூருக்குப் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். "நாப்பது நாளுன்னா நாப்பது நாளுதாண்டா. அக்கான்னு கூப்பிடு, நோட்டு தர்றேன்" என்பாள். நோட்டுக்காக ஆரம்பித்த வார்த்தை அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்குப் பாடம் புரியும், கை வராது. கோணமானியை வைத்தால் கோணம் கோணலாகப் போகும். எனக்குப் பாடம் புரியாது, கை வரும். புள்ளிகளைக் கொடுத்தால் பென்சிலை எடுக்காமல் ஒரே இழுப்பில் சேர்த்துவிடுவேன். எங்கள் கணக்கு டீச்சர் பின்வரிசைக்காரர்கள் எல்லோரையும் ஒரே சொல்லில் கரையேற்றப் பார்ப்பார்: "கிராஃபும் ஜாமெட்ரியும் போட்டா பதினாறு மார்க். உங்களுக்கு அது போதும். கலெக்டர் ஆவப் போறீங்களா இன்னா?" அதனால் பத்தாம் வகுப்பு முழுவதும் நான் கணக்குப் படிக்கவில்லை, பென்சில் சீவினேன். எக்ஸ் என்றால் படுத்திருக்கும் கோடு, ஒய் என்றால் நின்றிருக்கும் கோடு, டீச்சர் சொல்லும் எண்களுக்குப் புள்ளி வைத்து வளைக்க வேண்டும். அந்த வளைவு எதைப் பற்றியது என்று நான் கேட்டதில்லை. அது எதையாவது பற்றியதாக இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அக்காவுக்குத் தோன்றியது. காரணம் அவள் வீட்டில் இருந்தது.

பெரியப்பா ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தார். நாங்கள் ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள் பகல் உணவு முடிந்து வந்தவர், தொட்டி வாயருகே கூட்டாளியின் செருப்பு கிடப்பதைப் பார்த்தார். ஆளைக் காணவில்லை. கூப்பிட்டார். பதில் இல்லை. உள்ளே இறங்கினார். பெரியப்பாவை மேலே இழுத்துவிட்டார்கள். கூட்டாளியை இழுத்தபோது அவர் உயிரோடு இல்லை. என்ன நடந்தது என்று யார் கேட்டாலும், போலீஸ் கேட்டபோதும், பெரியப்பா சொன்னது ஒன்றுதான். "செருப்ப பாத்தேன், எறங்கினேன்." அதற்குமேல் வற்புறுத்தினால், "உள்ள நாத்தமே இல்ல. மழை பெஞ்சு விட்டாப்ல சுத்தமா இருந்துச்சு" என்பார். சொல்லும்போது அவர் முகத்தில் பயம் இருக்காது. அங்கே மறுபடி போகச் சொன்னால் போய்விடுவார் என்பதுபோல ஒரு அமைதி இருக்கும். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

அதன்பிறகு அவர் மூக்குக்கு வாசனை திரும்பவில்லை. புளித்துப்போன குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்பார். நாங்கள் விளையாடிவிட்டு வந்தால் ஒவ்வொருவர் தலையாக முகர்ந்து பார்ப்பார், ஏதோ ஒருநாள் வந்துவிடும் என்பதுபோல. அதைவிட மோசமானது செருப்பு. எந்த வீட்டு வாசலில் செருப்பு கிடந்தாலும் நின்றுவிடுவார். "ஆளு எங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்பார். யாராவது வந்து தலைகாட்டிய பிறகுதான் நகர்வார். ஒருமுறை அம்மன் கோயில் திருவிழாவில் அவரைக் காணாமல் தேடினோம். வெளியே செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நூறு ஜோடி இருக்கும். உள்ளே மேளம் அடிக்கிறது, அவர் அந்தக் குவியலைப் பார்த்து மெல்லிய குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் சொல்லி அல்ல. "யப்பா... யப்பா..." என்று மட்டும். அக்கா போய்க் கையைப் பிடித்தாள். "எல்லாரும் உள்ளதாம்பா இருக்காங்க" என்றாள். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று அவளுக்கு உறைத்தது. 

பத்தாவதில் ஒரு அலகுத் தேர்வு. அறிவியல் சார் தென்மாவட்டத்துக்காரர், எங்கள் பக்கம் புதிதாக வந்தவர். தோல் ஷாப் நாற்றத்தோடு மேற்குக் காற்று அடித்தால் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பாடம் நடத்துவார். எங்களுக்கு அது வேடிக்கை. அந்தக் காற்றிலேயே பிறந்தவர்கள் நாங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவின் பண்புகளை எழுதுக என்று கேட்டிருந்தார். அழுகிய முட்டை நாற்றம் உடையது என்று ஒரு வரி எழுதினால் ஒரு மார்க். நான்கூட அதை எழுதிவிட்டேன். அக்கா எழுதியது இது: "முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமானால் நாற்றம் இல்லாமல் போகும். நாற்றம் நின்றால் திரும்பிவிட வேண்டும்." சார் மூன்று வரியையும் சிவப்பு மையால் குறுக்கே அடித்து, "நாற்றம் உடையதா, அற்றதா? ஏதாவது ஒன்றை எழுது" என்று ஓரத்தில் எழுதி, பக்கத்தில் முட்டை போட்டிருந்தார். தாளைக் கொடுக்கும்போது சத்தமாகப் படித்தும் காட்டினார். "அவளுக்கு ஜலதோஷம் சார்" என்று எவனோ கத்த, வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அழுகிய முட்டைக்கு முட்டை என்று ஒரு வாரம் அவளைக் கேலி செய்தார்கள். அவள் அழவில்லை. சாரிடம் போய் வாதாடவும் இல்லை. அப்பாவின் பெயரை வகுப்பில் எடுக்க அவளுக்கு விருப்பமில்லை என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் கணக்கு டீச்சர் கரும்பலகையில் ஒரு கிராஃப் கணக்குப் போட்டார். எட்டு எக்ஸ், அதிலிருந்து எக்ஸ் வர்க்கத்தைக் கழி. வழக்கமாக வரும் வளைவுகள் கிண்ணத்தை நிமிர்த்தி வைத்ததுபோல் இருக்கும். இது கவிழ்ந்த கிண்ணம். பூஜ்யத்தில் பூஜ்யம், ஒன்றுக்கு ஏழு, இரண்டுக்குப் பன்னிரண்டு, நான்குக்குப் பதினாறு. அதோடு உச்சி. பிறகு பதினைந்து, பன்னிரண்டு, ஏழு என்று இறங்கி எட்டில் மறுபடி பூஜ்யம். நான் என் தாளில் ஒரே இழுப்பில் வளைத்து முடித்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவள் புள்ளி மட்டும் வைத்துவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மதியம் தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"டேய், இதுல கோடு போடு. எனக்கு நெளியுது."

போட்டுக் கொடுத்தேன். அவள் எக்ஸ் என்ற எழுத்துக்குக் கீழே வாயு என்றும், ஒய் என்பதற்கு மேலே நாற்றம் என்றும் எழுதினாள். பிறகு இரண்டு முனையிலும் முட்டை போட்டாள்.

"கேஸே இல்ல, நாத்தம் இன்னா? முட்டை. கேஸு ஏறுது, நாத்தமும் ஏறுது. நாலுல உச்சி. அப்புறம் கேஸு ஏறிக்கினேதான் இருக்குது, ஆனா நாத்தம் எறங்குது. எட்டுல மறுபடியும் முட்டை."

"அப்ப எட்டுல கேஸு இல்லியா?"

"இருக்கிறதுலயே ஜாஸ்தி அங்கதாண்டா."

"ரெண்டும் முட்டைதானே. எது எதுன்னு எப்பிடி தெரியும்?"

 "மூக்குக்குத் தெரியாது. எந்தப் பக்கத்துலருந்து வந்தேன்னு நீதான் ஞாபகம் வெச்சிக்கணும்" என்றாள். பிறகு என் விரலைப் பிடித்து, முதல் முட்டையிலிருந்து அந்தக் கோட்டின்மேல் மெல்ல ஓட்டினாள். ஏறி, உச்சியைத் தாண்டி, வலது பக்கச் சரிவில் இறங்கி, இரண்டாவது முட்டைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தினாள். "எங்கப்பா இங்க இருந்தாரு" என்றாள். பென்சில் கரி என் விரலில் ஒட்டியது. வெளியே பையன்கள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். விரலை இழுத்துக்கொண்டேன்.

அவள் தாளை அறிவியல் சாரிடம் காட்டினாள். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது கணக்கு, டீச்சரிடம் காட்டு" என்றார். டீச்சர் பார்த்துவிட்டு, அளவுத்திட்டம் எழுதவில்லை, பரீட்சையில் இப்படி விட்டால் ஒரு மார்க் போகும் என்றார். அத்தோடு அந்தத் தாளின் கல்வி முடிந்தது. அக்கா அதை மடித்துப் பெட்டியில் போட்டாள். அவள் நல்ல மார்க்கோடு பன்னிரண்டு வரை படித்தாள். நான் கணக்கில் நாலு மார்க்கில் ஃபெயிலாகிப் போனேன். மறுதேர்வு எழுத ஹால் டிக்கெட் வாங்கி, அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறிவிட்டேன்.

அன்றிலிருந்து போன இடங்களுக்கு நான் கணக்கு வைத்ததில்லை. பனியன் கம்பெனி, பெங்களூரில் சென்ட்ரிங், ஓசூரில் ஒரு கோழிப்பண்ணை, அமிர்திக்குப் பக்கத்தில் காட்டிலாகாவுக்குக் குழி வெட்டும் வேலை. கஷ்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. எல்லா இடத்திலும் சோறு கிடைத்தது, எல்லா இடத்திலும் படுக்கத் தரை இருந்தது. எனக்கு இருந்த ஒரே குணம், ஓர் இடத்தை விடும்போது சொல்லிக்கொள்வதில்லை. காலையில் வேலையில் இருப்பேன், மாலையில் இருக்க மாட்டேன். நான் கிளம்பிவிட்டால் அந்த இடமும் அங்கேயே நின்றுவிடும் என்பதுபோலத்தான் நடந்திருக்கிறேன். பின்னால் யார் தேடுவார்கள், எதை நம்பித் தேடுவார்கள் என்று யோசித்ததில்லை.

பேரணாம்பட்டிலும் அப்படித்தான் நடந்தது. கழிவுத் தொட்டியில் அடியில் தங்கிய சகதியை வாளியில் அள்ளும் வேலை. நானும் ஒடுகத்தூர்க்காரர் ஒருவரும். கடலைக்காயும் நெல்லும் பயிர் வைத்திருப்பவர், வேலை இல்லாத மாதத்தில் இங்கே வருவார். அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மேஸ்திரி பாய் மூடியைத் திறந்து வைப்பார். நாற்றம் குடலைப் பிடுங்கும். டீ குடித்துவிட்டு வந்து, குனிந்து முகர்ந்து பார்த்து, "கம்மியாயிட்சு, எறங்குங்கப்பா" என்பார். அவர் கெட்டவர் இல்லை. அவருடைய மேஸ்திரியும் அப்படித்தான் முகர்ந்து சொல்லியிருப்பார். அந்த வெள்ளிக்கிழமை ஷாப் அரைநாள். ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று பாய் கிளம்பினார். "இன்னிக்கு போதும். மூடிட்டு போங்க, காலைல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒடுகத்தூர்க்காரருக்குப் பஸ் பிடிக்க வேண்டும், அவரும் போனார். பத்து வாளிதான் பாக்கி, முடித்துவிட்டால் நாளைக்கு வர வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றியது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். போன், பர்ஸ் எல்லாம் அதில் இருந்தன. செருப்பை வாயருகே விட்டுவிட்டு ஏணியில் கால் வைத்தேன்.

நாலாவது படிவரை நாற்றம் கண்ணை எரித்தது. ஐந்தாவது படியில் நின்றது. குறையவில்லை, நின்றது. யாரோ ஒரு கதவை மெதுவாகச் சாத்தியதுபோல. கீழே கறுப்புத் தண்ணீர் ஆடாமல் இருந்தது. என் தலை அதில் தெரிந்தது. நன்றாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பெரியப்பா சொன்னது சரி, மழை பெய்து விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. இன்னும் கீழே இறங்கச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. ஆனால் இறங்குவதுதான் இயல்பு என்பதுபோல் இருந்தது. அக்காவின் குரல் கேட்டது என்று எழுதினால் கதையாகிவிடும். எதுவும் கேட்கவில்லை. என் கை, கோடு போட்ட அதே கை, தானாக மேல்படியைப் பிடித்தது. ஏன் ஏறுகிறேன் என்று தெரியாமலே ஏறினேன். வெளியே வந்து, பின்பக்க வழியாக, எதையும் எடுக்காமல், மூடியை மூடாமல் நடக்க ஆரம்பித்தேன். மல்லிகை மணக்காத பிறகுதான் ஏன் என்று புரிந்தது.

ஆம்பூர்ப் பக்கம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் ஒரு ஷூ கம்பெனியில் சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறாள். தையல் பிசகிய ஷூவை ஒதுக்கும் வேலை. அவள் வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போயிருந்தார். பெரியப்பா இறந்துபோய் மூன்று வருடம் ஆகிறது. அக்கா அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஷூ கம்பெனிக்காரி வீட்டுக்கு வெறுங்காலோட வர்றியே, வெக்கமா இல்ல?"

"வாரு அறுந்துபோச்சுக்கா. தூக்கிப் போட்டுட்டேன்."

பயந்து ஓடிவந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. வேலையை விட்டுவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்குப் புதிதல்ல. உள்ளே போய் ஒரு டம்ளரில் பால் கொண்டுவந்து கொடுத்தாள். நடந்த களைப்பில் ஒரே மூச்சில் பாதி குடித்தேன். தலையை நிமிர்த்தினால், அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பாவைப் பார்ப்பாளே, அதே பார்வை.

"இன்னாக்கா?"

"அது நேத்து பாலு. கொட்டலாம்னு வெச்சிருந்தேன். கை மாறி எடுத்தாந்துட்டேன். வாசல் வரைக்கும் நாறுதுடா."

டம்ளருக்குள் பார்த்தேன். பால் திரிந்து கட்டி கட்டியாக நின்றது. அவள் எதிரே உட்கார்ந்தாள். "எந்தத் தொட்டி?" என்றாள். சொன்னேன். எத்தனை படி இறங்கினாய் என்று கேட்டாள். ஐந்து என்றேன். அவள் விரலால் தரையில் ஒரு கோடு வளைத்து, வலது சரிவில் ஓர் இடத்தில் நிறுத்தினாள்.  எழுந்து போய்ச் சோறு வடித்தாள். இரவு முழுக்க அவள் எழுந்து வந்து நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்தாள் என்பது அவளே காலையில் சொன்னது. நான் கட்டைபோல் தூங்கினேன்.

விடிந்ததும் கிளம்பினேன். எங்கே என்று முடிவு செய்யவில்லை. அக்கா தன்னுடைய ரோஸ் நிற ரப்பர் செருப்பைக் கொண்டுவந்து போட்டாள்.

"இத போட்டுக்கினு போ. அறுந்தது எங்க போட்ட? வாருதானே, கம்பெனில பசை வெச்சு ஒட்டித் தர்றேன்."

"அது அறுந்துபோவலக்கா. அங்கயே இருக்குது."

"எங்க?"

"தொட்டிகிட்ட."

அவள் கையில் இருந்த சோற்று டப்பாவைக் கீழே வைத்தாள். "மூடி?" என்றாள். திறந்திருக்கிறது என்றேன். ஏணி? உள்ளே. சட்டை? ஆணியில். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறுவதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன், அப்போதும் எனக்கு விளங்கவில்லை.

"செருப்ப பாத்தேன், எறங்கினேன்" என்றாள். அவள் அப்பாவின் குரலிலேயே சொன்னாள்.

காலையில் முதல் ஆளாக வருபவர் ஒடுகத்தூர்க்காரர்தான். அக்கா தன் போனில் என் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி போனது. ஆளில்லாத ஷாப்பில், திறந்து கிடக்கும் தொட்டிக்குப் பக்கத்தில், ஆணியில் தொங்கும் என் சட்டைக்குள் அது அடித்துக்கொண்டிருக்கும். இரண்டாவது முறை அடிக்கப் போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். "யாராவது சத்தம் கேட்டு வந்து, எடுத்தா பரவால்ல. எடுக்காம உள்ள எட்டிப் பாத்தா?" பாய் எண்ணும் அந்தப் போனில்தான் இருந்தது. நான் சொல்லாமல் விட்ட எல்லா வேலைகளும் அந்த ஒரு கணத்தில் நினைவுக்கு வந்தன. எங்கெங்கோ ஆணியில் சட்டையையும் வாசலில் செருப்பையும் விட்டு வந்தவன்போல் உணர்ந்தேன். அக்கா பஸ்ஸுக்குக் காசை என் கையில் திணித்து, "ஓடு" என்றாள்.

அந்த முதல் பஸ் மெதுவாகப் போனது என்று சொல்ல மாட்டேன், எப்போதும் போகும் வேகத்தில்தான் போயிருக்கும். நான் கதவருகே நின்றேன். குதிகால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ரோஸ் செருப்பைப் பார்த்து ஒரு சின்னப் பிள்ளை சிரித்தது. பேரணாம்பட்டில் இறங்கி ஓடினேன். பாதி வழியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பின்பக்க வழியில் நுழைந்ததும் முதலில் தெரிந்தது என் செருப்பு. தொட்டி வாயருகே, நான் விட்டபடியே, ஒன்றை ஒன்று ஒட்டி, உள்ளே பார்த்தபடி. ஆணியில் என் சட்டை. ஒருவன் இறங்கிப்போய் ஏறி வராத இடம் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. அந்த ஒருவன் நான்தான் என்பதை நின்று பார்த்தேன். பிறகுதான் செருப்புக்கு அப்பால் ஒரு தலை அசைவதைக் கண்டேன். ஒடுகத்தூர்க்காரர் ஏணியில் தோள்வரை உள்ளே இருந்தார். தலையை மட்டும் குனிந்து இருட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி... யப்பா தம்பி..."

"அண்ணே" என்றேன்.

அவர் உள்ளேதான் பார்த்தார். குரல் கீழேயிருந்து வந்ததாக நினைத்துவிட்டார். "இரு, வந்துட்டேன்" என்று இன்னொரு படி காலை இறக்கினார். என் குரலே அவரை இறக்குகிறது. மறுபடி கூப்பிடப் பயமாக இருந்தது. கையிலிருந்த ரோஸ் செருப்பை எறிந்தேன், பிடரியில் பட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கப் போவதில்லை. உயிரோடு இருப்பவனைப் பார்க்கும் பார்வை அல்ல அது. அக்குளில் கை கொடுத்து இழுத்து, இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம். அவர் பக்கத்தில் திரும்பி வாந்தி எடுத்தார்.

"நீ உள்ள இல்லியா?" என்றார். "செருப்பு இருக்குது, சட்ட இருக்குது. மொதல்ல நாத்தம் குடலைப் புடுங்கிச்சுப்பா. கூப்பிடக் கூப்பிட நின்னுபோச்சு. சரி, காத்து வெளிய போய்ட்சு, எறங்கலாம்னு..."

"எனக்கும் அப்பிடித்தாண்ணே நின்னுச்சு" என்றேன்.

பாய் வந்தபோது நாங்கள் இரண்டு பேருமாக மூடியை இழுத்துப் போட்டிருந்தோம். ஒடுகத்தூர்க்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு வெளுத்திருந்தது. தோலில் குறி போடும் சாக்பீஸ் ஒன்று கிடந்தது. அதை எடுத்து மூடியின்மேல் நான் ஒரே இழுப்பில் கோடு வளைத்திருந்தேன். இரண்டு முனையிலும் முட்டை போட்டேன்.

"இன்னாப்பா இது, மலையா?" என்றார் பாய்.

சொன்னேன். அக்கா சொன்ன அதே சொற்களில் சொன்னேன்; எனக்கு வேறு சொற்கள் தெரியாது. அவர் வலதுபக்க முட்டையை வெகுநேரம் பார்த்தார். இருபது வருடமாகத் தான் குனிந்து முகர்ந்ததெல்லாம் எந்த முட்டை என்று யோசித்தாரோ என்னவோ, கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "உறிஞ்சுற லாரிக்குச் சொல்லிடுறேன்" என்றார். 

"பாய், எனக்கு வேலை வேணும்."

"வேலைலதானேப்பா இருக்க."

"நேத்தே விட்டுட்டேன்."

"எப்ப சொன்ன?"

"இப்பதான் சொல்றேன்."

ஒடுகத்தூர்க்காரருக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. இன்னா வேலை என்று பாய் கேட்டார். மேலே நிற்கும் வேலை என்றேன். அப்படி ஒரு வேலை இங்கே இல்லையே, மேலே நின்று என்ன செய்வாய் என்றார். "எறங்க விட மாட்டேன்" என்றேன். சரி, லாரி வரும்வரை அந்த மூடிமேல் உட்காரு, மற்றதை முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

என் செருப்பை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டேன். ரோஸ் செருப்பில் ஒன்று மண்ணில் கிடந்தது. இன்னொன்று உள்ளே விழுந்துவிட்டது. அதைத் தேடி யாரும் இறங்கப் போவதில்லை. கோடு அழியாதபடி மூடியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த நாள் காலையில் நான் சேர்ந்த வேலை அதுதான். பத்து மணி வாக்கில் வெயில் ஏறியபோது, மூடியின் இடுக்கிலிருந்து மெலிதாக ஏதோ வந்தது. முதலில் நம்பவில்லை. கையைக் குவித்து இழுத்துப் பார்த்தேன். அழுகிய முட்டை. அது நிற்கிறதா என்று ஒவ்வொரு மூச்சிலும் பார்த்தபடி, லாரி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.